பஞ்சியும் ஓட்டமும்



யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே "பஞ்சி" என்றொரு சொல் உண்டு. "எழும்பப் பஞ்சியாக் கிடக்கு" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு நோய் என்றோ களைப்பு என்றோ பொருளில்லை. உடம்பில் வலு இருக்கிறது, கையில் நேரமும் இருக்கிறது, மனம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசைய மறுக்கிறது என்பதே பொருள். இந்தச் சொல்லுக்கு முழு உரித்துடையவர்கள் சிலர் எம்மிடையே இருக்கிறோம். மேல்மாடியில் இருக்கும் மூக்குக்கண்ணாடியை எடுத்து வரப் பஞ்சிப்பட்டு, பத்திரிகையைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்து வாசிக்கும் இனத்தைச் சேர்ந்தவர்கள் நாம்.

அப்படிப்பட்ட நாம் கடந்த சில ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நாட்கள் ஓடுகிறோம். பரிசுக்காக அல்ல, பந்தயத்துக்காகவும் அல்ல. பூங்காவில் நாயுடன் வேகநடை நடப்பவர்கள் சிலவேளை எம்மை முந்திச் செல்லும் அளவுக்கு மெதுவாகத்தான் ஓடுகிறோம். வியப்பு என்னவென்றால், அதை விரும்பியே செய்கிறோம். ஆனால் பஞ்சி போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அது ஒவ்வொரு நாளும் காலையில் எமக்கு முன்பே எழுந்து, கட்டில் ஓரத்தில் காத்திருக்கிறது.

இதிலே சிந்திக்கத் தக்க ஒரு கேள்வி இருப்பதாக எமக்குத் தோன்றுகிறது. சோம்பல் ஒரு குற்றம் என்றே சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தோம். குற்றம் என்றால், அதை வென்றால்தான் ஒருவன் நல்லவனாக முடியும். ஆனால் சோம்பலை வெல்லாமலே, அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவன் ஓடி மகிழ்கிறான் என்றால் அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கஷ்டப்பட்டுச் செய்வது உயர்ந்ததா, விரும்பிச் செய்வது உயர்ந்ததா? இன்னுமொன்று: உயிருக்காக ஓடிய ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர்கள் வெறும் இன்பத்துக்காக ஓடலாமா? இவற்றைப் பற்றியே இக்கட்டுரை.

மூன்று சொற்கள்

முதலில் சொற்களைப் பிரித்துப் பார்ப்போம். எமது மொழியிலே அலுப்பு, பஞ்சி, சோம்பல் என மூன்று சொற்கள் இருக்கின்றன. அவசரத்தில் மூன்றையும் ஒன்றாகவே வழங்கி விடுகிறோம். அதனால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல.

அலுப்பு என்பது உடம்பு செலுத்திய உழைப்பின் பலன். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தபடியே உறங்கிவிடும் தகப்பன் சோம்பேறி அல்லன். அவனுக்கு வேண்டியது அறிவுரை அல்ல, நித்திரை. இரண்டு வேலை செய்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஒரு தலைமுறையைப் பார்த்து "உடற்பயிற்சி செய்ய உங்களுக்குப் பஞ்சி" என்று குறை சொல்வது அநியாயம்.

பஞ்சி என்பது வேறு. அது தொடங்குவதற்கு முன் மட்டும் வருவது. தொடங்கிய பின் அதைத் தேடினாலும் காணக் கிடைக்காது. இது மனிதனுக்கு இயற்கையாகவே அமைந்தது என்கிறார் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மனிதப் பரிணாம அறிஞர் டானியல் லீபர்மன். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலின் சாரம் இதுதான்: எமது மூதாதையர் உணவைத் தேடிப் பெரும்பாடு பட்டவர்கள். கிடைத்த சக்தியை வீணாக்காமல், தேவையில்லாதபோது சும்மா இருந்தவர்களே பிழைத்தார்கள். உணவுக்காக, உயிருக்காக, அல்லது கூடி ஆடிப்பாடும் மகிழ்ச்சிக்காக உடம்பை அசைப்பது மனிதனுக்கு இயல்பு. உடம்புக்கு நல்லது என்பதற்காக மட்டும் அசைப்பது மிக அண்மைக்காலப் பழக்கம். ஆகவே மின்தூக்கிக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் நிற்கும்போது மனம் மின்தூக்கிப் பக்கம் சாய்வது ஒழுக்கக்கேடு அல்ல. அது பழைய காலத்துச் சிக்கனம்.

வேடிக்கை என்னவென்றால், அதே லீபர்மன் டெனிஸ் பிராம்பிள் என்பவருடன் சேர்ந்து 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையொன்றில் மனித உடம்பு நெடுந்தூர ஓட்டத்துக்கென்றே அமைந்தது போல இருப்பதை எடுத்துக்காட்டினார். வில்லுப்போல் இழுபட்டு மீளும் குதிக்கால் நாண், ஓடும்போது உடம்பு முன்னால் விழாமல் பிடித்து நிறுத்தும் பெரிய பிட்டத் தசை, உடம்பின் சூட்டை வெளியேற்றும் வியர்வை என்பன அவர்கள் காட்டிய சான்றுகளிற் சில. அதாவது ஓடுவதற்குத் தகுந்த உடம்பையும் ஓட விரும்பாத மனத்தையும் இயற்கை ஒருவருக்கே தந்திருக்கிறது. இந்த முரண்பாட்டுக்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர் என்பதில் ஓர் ஆறுதல் உண்டு.

மூன்றாவதாகிய சோம்பல்தான் குற்றம். தன்மேல் சார்ந்த ஒரு பொறுப்பைச் செய்யாமல் விட்டு, அதன் பாரத்தை இன்னொருவர் தலையில் இறக்குவதே சோம்பல். திருவள்ளுவர் மடியின்மை என்று ஓர் அதிகாரத்தையே இதற்கு ஒதுக்கினார். அது நூலின் 61ஆவது அதிகாரம். அதை நிதானமாகப் படித்தால் ஒரு விடயம் கண்ணில் படும். பத்துக் குறள்களில் ஆறில் "குடி" என்ற சொல் ஏதோ ஒரு வடிவத்தில் வருகிறது. ஒருவன் பிந்தி எழும்பினான், மதியம் உறங்கினான் என்பதற்காக வள்ளுவர் கோபிக்கவில்லை. அவனுடைய மடியினால் அவன் பிறந்த குடி அழிகிறதே என்பதுதான் அவருடைய கவலை. குற்றத்தின் அளவுகோல் அடுத்தவருக்கு நேரும் கேடு. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் எம்மில் பலர் தம்மைத்தாமே திட்டிக்கொள்வதில் பாதியைக் குறைக்கலாம். மீதிப் பாதியை இன்னும் கவனமாகச் செய்யலாம்.

முற்பணமும் கடனும்

சரி, பஞ்சி குற்றமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதோடு சும்மா இருந்துவிட்டுப் போகலாமே, ஏன் ஓடவேண்டும்? இதற்கு விடை காண, கணக்குப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம் எமது தொழிலின் கண்ணாலேயே பார்க்கிறோம்.

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் இன்பம் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகிறது. தொடக்கத்தில் நஞ்சு போலிருந்து முடிவில் அமுதமாவது ஒன்று. தொடக்கத்தில் அமுதம் போலிருந்து முடிவில் நஞ்சாவது மற்றொன்று. தொடக்கத்திலும் முடிவிலும் மயக்கத்திலேயே ஆழ்த்தி வைப்பது மூன்றாவது. நித்திரையிலும் சோம்பலிலும் பிறக்கும் இன்பம் அது. இதைக் கணக்காளர் பாஷையில் சொன்னால் முதலாவது முற்பணம் செலுத்தி வாங்கும் பொருள். இரண்டாவது கடனட்டையில் வாங்கும் பொருள். மூன்றாவது, கணக்குப் புத்தகத்தைத் திறக்காமலே இருந்துவிடுவது. வங்கியில் இருந்து வரும் கடிதங்களைப் பிரிக்காமல் லாச்சிக்குள் போடும் வாடிக்கையாளர்களை எமது தொழிலில் கண்டிருக்கிறோம். அவர்கள் அனுபவிக்கும் நிம்மதி அந்த வகையைச் சேர்ந்தது.

ஓட்டம் முதலாம் வகை. அதன் முற்பணம் பெரும்பாலும் முதற் பத்து நிமிடங்களிலேயே அறவிடப்படுகிறது. இதற்குக் காரணம் உடம்பிலேயே உண்டு. ஓடத் தொடங்கியதும் கால் தசைகள் உடனே கூடுதல் ஒட்சிசனைக் கேட்கின்றன. இதயமும் சுவாசப்பையும் அந்த வேகத்துக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் செல்லும். அந்த இடைவெளியிலேதான் மூச்சு முட்டுகிறது, கால் கனக்கிறது, "இது எனக்குச் சரிவராது" என்று மனம் தீர்ப்பு எழுதுகிறது. முதன்முதலாக ஓடப் போகும் பெரும்பாலானோர் இந்தக் கட்டத்திலேயே திரும்பி விடுகிறார்கள். அதாவது முற்பணம் முழுவதையும் கட்டிவிட்டு, பொருளை எடுக்காமலே கடையை விட்டு வெளியேறுகிறார்கள். இது நட்டமான வியாபாரம். மெதுவாகத் தொடங்கி இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்தால் மூச்சு ஒரு தாளத்துக்கு வரும். அதன் பிறகு ஓடுவதற்கும் நிற்பதற்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

இங்கேதான் பஞ்சிக்காரனுக்கு ஒரு நன்மை இருக்கிறது. உற்சாகம் மிகுந்தவர்கள் முதல் நாளே வேகமாக ஓடி, இரண்டாம் கிழமை முழங்காலைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறார்கள். பஞ்சிக்காரன் தேவைக்கு மேல் ஓர் அடியும் வேகமாக வைக்கமாட்டான். பக்கத்தில் வருபவருடன் கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகமே தொடக்கக்காரருக்கு உகந்த வேகம் என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். பஞ்சிக்காரனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1996இல் அமெரிக்கர் ஒருவர் வகுத்த, பின்னர் பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையும் ஏற்றுக்கொண்ட ஒன்பது வார அட்டவணை ஒன்று உண்டு. அதன் முதல் வாரத்தில் ஓட்டம் அறுபது வினாடிதான். பிறகு ஒன்றரை நிமிடம் நடை. இப்படியே மாறி மாறி இருபது நிமிடம். இருக்கையை விட்டு எழும்பாதவர்களை மனத்தில் வைத்தே அதற்குப் பெயரும் வைத்தார்கள். சோம்பலைத் திட்டாமல், சோம்பலோடு பேரம் பேசிய திட்டம் அது. அதனாலேயே அது வெற்றி பெற்றது என்பது எமது எண்ணம்.

"ஆர் துரத்துகினம்?"

எம்மவர் ஒருவர் வீதியிலே ஓடுவதை எம்மவர் இன்னொருவர் கண்டால் கேட்கும் முதற் கேள்வி ஒன்று உண்டு: "என்ன தம்பி, ஆர் துரத்துகினம்?" எல்லோரும் சிரிப்போம். ஆனால் இந்தப் பகிடிக்குள் எமது சரித்திரம் முழுவதும் இருக்கிறது.

எமது தலைமுறைக்கு ஓட்டம் என்ற சொல் விளையாட்டைக் குறிக்கும் சொல்லாக வந்து சேரவில்லை. விமானத்தின் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் ஓடுவது, ஷெல் அடி தொடங்கினால் கோயிலுக்கு ஓடுவது, சுற்றிவளைப்பு என்றால் பின்வேலியால் ஓடுவது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாம் பதின்ம வயதினர். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய அந்த வீதியில் ஓடுவதற்குக்கூட இடம் இருக்கவில்லை. மழையில், இலட்சக்கணக்கானோர் நடுவே, அடி அடியாக நகர்ந்தோம். ஓடவேண்டும் என்ற அவசரமும் ஓட முடியாத நெரிசலும் சேர்ந்தால் மனம் என்ன பாடுபடும் என்பதை அன்று அந்த வீதியில் நின்ற எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2009இல் வன்னியில் அகப்பட்டவர்கள் பட்டதைப் பற்றி எழுத இந்தக் கட்டுரைக்குத் தகுதி போதாது.

பிறகு இந்த நாட்டுக்கு வந்தோம். இங்கும் ஓட்டந்தான். அகதி விண்ணப்பத்துக்காகச் சட்டத்தரணியிடம் ஓட்டம், வேலைக்கு ஓட்டம், பகுதிநேரப் படிப்புக்கு ஓட்டம், வீட்டுக் கடனுக்கு ஓட்டம், ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு ஓட்டம். "ஓடுப்பட்டுத் திரிகிறம்" என்று நாம் சொல்வது இந்த வாழ்க்கையைத்தான். இதன் நடுவே ஒருவன் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, போக ஓர் இடமும் இல்லாமல், துரத்த ஒருவரும் இல்லாமல் ஓடினால், பார்ப்பவருக்குச் சிரிப்பும் வரும், ஒருவகைக் கோபமும் வரும். "இதாலை என்ன பிரயோசனம்?" என்ற கேள்வி வாயில் வராவிட்டாலும் மனத்தில் வரும்.

இந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. ஊரிலே இன்னமும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்திருக்கும் தாய்மார் இருக்கையில், இங்கே ஒருவர் பூங்காவில் காற்று வாங்கிக்கொண்டு ஓடி மகிழ்வது நியாயமா? தப்பி வந்தவனுக்குச் சந்தோஷப்பட உரிமை உண்டா? புலம்பெயர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு உருவத்தில் இந்தக் கேள்வி இருக்கிறது. பிறந்தநாள் விழாவிலும் இருக்கிறது, விடுமுறைப் பயணத்திலும் இருக்கிறது.

எமக்குத் தோன்றும் விடை இது. எமது மகிழ்ச்சியைக் குறைத்தால் அந்தத் தாய்மாரின் துயரம் ஓர் அணுவளவும் குறையப் போவதில்லை. துயரம் ஒரு கூட்டுக் கணக்கு அல்ல. ஒருவர் பக்கத்தில் கழித்தால் மற்றவர் பக்கத்தில் கூடாது. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருப்பது எமது சோகம் அல்ல. எமது உதவியும் எமது நினைவும். அவற்றை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு மகிழ்பவனும் உண்டு. கொடுக்காமல் சோகமாக மட்டும் இருப்பவனும் உண்டு. இருவரில் யாரால் அவர்களுக்குப் பயன்? இரண்டாவதாக, அச்சத்தினால் ஓடப் பழகிய கால்கள் அச்சமின்றி ஓடப் பழகுவது சிறிய காரியமல்ல. பின்னால் எவரும் வரவில்லை என்பதை மூளை ஒரு நாளில் அறிந்துகொள்ளும். உடம்பு அறிந்துகொள்ள ஆண்டுகள் எடுக்கும். விரும்பிய இடத்தில் நிற்கலாம், விரும்பினால் திரும்பலாம், எதையும் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை என்ற நிலையில் ஓடும் ஓட்டம் எமக்கு எவரும் தராத விடுதலைப் பத்திரம்.

இங்கே பஞ்சாபியரான பௌஜா சிங் அவர்களை நினைவுகூர விரும்புகிறோம். மகனை இழந்த துயரத்தின் பின், முதுமையில் இங்கிலாந்தில் ஓட்டத்தைக் கையில் எடுத்தவர் அவர். 2000ஆம் ஆண்டு லண்டன் மரதன் ஓட்டத்தில் முதன்முதலாகப் பங்குபற்றியபோது கடவுச்சீட்டின்படி அவருக்கு வயது 89. 2011இல் ரொறன்ரோவில் நூறு வயதில் 42.195 கிலோமீற்றரையும் ஓடி முடித்தார். ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் கின்னஸ் நிறுவனம் அச்சாதனையைப் பதிவுசெய்யவில்லை. பத்திரங்களைத் தொலைத்து வந்த எம்மவர்க்கு அந்த நிலை நன்றாகவே விளங்கும். அவர் அதற்காக ஓடுவதை நிறுத்தவில்லை. 2025 ஜூலையில் சொந்தக் கிராமத்துக்கு அருகே வீதி விபத்தில் காலமானார். அவருடைய ஓட்டத்தின் பெறுமதி எந்தச் சான்றிதழிலும் தங்கியிருக்கவில்லை.

கடமையா, இன்பமா?

இனித் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கஷ்டப்பட்டுச் செய்வது உயர்ந்ததா, விரும்பிச் செய்வது உயர்ந்ததா?

ஜேர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், ஒருவன் இரக்க சுபாவத்தால் உதவி செய்தால் அது பாராட்டத்தக்கது. ஆனால் மனத்தில் இரக்கம் சற்றும் எழாதபோதும் கடமை என்பதற்காகவே உதவி செய்தால்தான் அதற்கு உண்மையான ஒழுக்கப் பெறுமதி உண்டு என்று வாதித்தார். இதைக் கவிஞர் ஷில்லர் கேலி செய்தார். அப்படியானால் நண்பர்களை முதலில் வெறுக்கப் பழகிக்கொண்டு, பிறகு அவர்களுக்கு உதவினால்தானே புண்ணியம் என்பது அவருடைய பகிடி. கான்ட்டின் கண்ணால் பார்த்தால் பஞ்சிக்காரனின் ஓட்டத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் அவன் அதில் மகிழத் தொடங்கும் வரைக்கும்தான்.

அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்திய கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் இதற்கு மாறாகச் சொன்னார். நற்பண்பு பழக்கத்தால் வருவது. ஒரு செயலைச் செய்யும்போது இன்பம் பிறக்கிறதா, துன்பம் பிறக்கிறதா என்பதே அந்தப் பண்பு ஒருவனிடம் ஊறிவிட்டதா என்பதற்கு அடையாளம். பல்லைக் கடித்துக்கொண்டு நல்லதைச் செய்பவன் தன்னை அடக்கியவன்தான்; இன்னும் நல்லவன் ஆகவில்லை. அவருடைய கண்ணால் பார்த்தால் விரும்பி ஓடுபவனே உயர்ந்தவன்.

இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதற்குப் பஞ்சிக்காரனே சாட்சி. கதவைத் திறந்து வெளியே வரும் வரை அவன் கான்ட்டின் சீடன். இரண்டாவது கிலோமீற்றரில் அரிஸ்டோட்டிலின் சீடன். ஒரே மணித்தியாலத்துக்குள் இரண்டு தத்துவத்தையும் வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கிறது. இயல்பாகவே சுறுசுறுப்பானவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர் முதல் அடியிலிருந்தே இன்பத்தில் இருக்கிறார்.

இதிலிருந்து நாம் அறிவது, கடமையும் இன்பமும் எதிரிகள் அல்ல. ஒன்று மற்றதன் வாசல். எமது பெரியவர்கள் தேவாரத்தை முதலில் எமக்குக் கட்டாயமாகத்தான் சொல்லித் தந்தார்கள். பொருள் தெரியாமல், நித்திரைத் தூக்கத்தில் மனனம் செய்தோம். இன்று எங்கோ ஒரு வீட்டில் பண்ணோடு அது ஒலிக்கக் கேட்டால் கண் கலங்குகிறது. கட்டாயம் இல்லாவிட்டால் அந்த இன்பமும் இல்லை. ஆனால் கட்டாயம் மட்டுமே இருந்து, இன்பம் ஒருநாளும் வராமல் போயிருந்தால், அது வெறும் தண்டனையாக முடிந்திருக்கும். பிள்ளைகளுக்குத் தமிழும் சங்கீதமும் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர் இந்த இரண்டாவது வாக்கியத்தையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதற்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களும் உண்டு. கணக்கின்படி பார்த்தால் ஐந்து கிலோமீற்றர் ஓடியும் நிகர வரவு பூச்சியம்தான். ஆனால் கோயில் வீதியை மூன்றுமுறை வலம் வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும் எம்மில் எவரும் "எங்கேயும் போகவில்லையே" என்று கவலைப்படுவதில்லை. ஓட்டத்தை வழிபாட்டோடு ஒப்பிட வரவில்லை. சுற்றி வந்தவன் அதே இடத்தில் நின்றாலும் அதே ஆளாக நிற்பதில்லை என்பதை எமது சமூகம் ஏற்கனவே அறியும் என்று மட்டும் சொல்கிறோம்.

யாருடைய நேரம்?

ஓட்டத்தின் புகழை இவ்வளவு பாடியபின் ஒரு எச்சரிக்கையையும் சொல்லவேண்டும். மேலே சொன்ன வள்ளுவரின் அளவுகோலை ஓடுபவன் மீதும் வைத்துப் பார்க்கவேண்டும். ஒருவன் சனிக்கிழமை காலை ஒரு மணித்தியாலம் ஓடுகிறான் என்றால் அந்த ஒரு மணித்தியாலம் எங்கிருந்து வந்தது? அந்நேரம் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்தது யார்? வயதான மாமிக்கு மருந்து எடுத்துக் கொடுத்தது யார்? விடை எப்பொழுதும் "வீட்டுக்காரி" என்றால், அவன் பஞ்சியை வென்று சோம்பலுக்குள் விழுந்தவன். வெளியே பார்க்கச் சுறுசுறுப்பு, உள்ளே பாரத்தை மற்றவர் தலையில் இறக்கும் அதே பழைய குற்றம். எமது பெண்களில் பலருக்குப் பஞ்சிப்படுவதற்கே நேரம் இல்லை என்பது சுவையான செய்தி அல்ல. ஆகவே ஓடும் ஆண், தன் துணைவிக்கும் அதே அளவு நேரத்தைக் கணக்கில் எழுதவேண்டும். அதில் அவர் ஓடலாம், நடக்கலாம், அல்லது சும்மா படுத்திருக்கலாம். அது அவருடைய வரவு.

நேரம் கண்டுபிடிக்க ஒரு வழியும் உண்டு. வார இறுதியில் தமிழ்ப் பாடசாலை நடக்கும் வேளையில் வாகனத் தரிப்பிடத்தைச் சற்றுப் பாருங்கள். எத்தனை தகப்பன்மார் காருக்குள் இருந்து தொலைபேசியைப் பார்த்தபடி இரண்டு மணித்தியாலத்தைக் கழிக்கிறார்கள்! அது எவருக்கும் கடன்படாத நேரம். காரில் ஒரு சோடி சப்பாத்து இருந்தால் போதும். தெற்காசியர்களாகிய எமக்கு நீரிழிவும் இதயநோயும் மற்றவர்களை விட இலகுவில் வருகின்றன என்பதும், அதனாலேயே பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல் 2013இல் எம்மவருக்கு உடற்திணிவுச் சுட்டெண் 23இலிருந்தே கவனம் தேவை என்று அறிவுறுத்தியதும் பலர் அறிந்தவையே. நெஞ்சுநோவோ தலைச்சுற்றோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் காணவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

தனியே ஓடக் கூச்சப்படுபவர்களுக்குப் பார்க்ரன் என்ற ஏற்பாடு உண்டு. 2004 ஒக்டோபர் 2ஆம் திகதி லண்டனின் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கிய இந்த வாராந்த ஓட்டம் இன்று இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் நடைபெறுகிறது. தூரம் ஐந்து கிலோமீற்றர், கட்டணம் இல்லை. கடைசியாக வருபவரோடு கூடவே வருவதற்கென்று ஒரு தொண்டர் நியமிக்கப்படுகிறார். ஆகவே எவரும் கடைசி ஆளாக வரமுடியாது. பஞ்சிக்காரரின் மனத்தை அறிந்த எவரோதான் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும்.

நிறைவாக, எமது பிள்ளைகளைப் பார்ப்போம். கோயில் மண்டபத்தில் பூசை முடியும் முன்பே வெளிவீதிக்குப் பாய்ந்து ஓடும் அவர்களை "ஓடாதே, விழப்போகிறாய்" என்று அதட்டுகிறோம். அவர்கள் எதிலிருந்தும் ஓடவில்லை, எதற்காகவும் ஓடவில்லை. கால்கள் இருக்கின்றன, இடம் இருக்கிறது, அதனால் ஓடுகிறார்கள். அப்படி ஓடும் ஒரு பிள்ளைப்பருவத்தை அவர்களுக்குக் கொடுப்பதற்காகத்தான் நாம் இவ்வளவு தூரம் வந்தோம். அதில் ஒரு சிறு பங்கை, வாரத்தில் மூன்று நாள், அரை மணித்தியாலம் வீதம், நாமும் எடுத்துக்கொண்டால் அது எவருடைய பங்கிலும் குறையாது. பஞ்சி இருக்கட்டும், அது வீட்டில் இருந்து கதவைப் பார்த்துக்கொள்ளும். நாம் ஒருக்கால் போய்விட்டு வருவோம்.